வினைச்சொல்லுக்குப் பின்னால் எந்த பிரிபொசிஷன்?

கோத்தகிரிப் பக்கம் ஒரு ஹோம்ஸ்டேயில் வரவேற்பைப் பார்த்துக்கொள்ளும் தம்பி ஒருவர் இப்படிக் கேட்டிருக்கிறார்: "விருந்தாளிகளிடம் ஆங்கிலத்தில் எப்படியோ பேசிவிடுகிறேன். ஆனால் வினைச்சொல் வந்ததும், அதற்கப்புறம் டு போடுவதா, ஃபார் போடுவதா, அட் போடுவதா, ஒன்றும் போடாமல் விடுவதா என்று நாக்கு நின்றுவிடுகிறது. மெயில் எழுதும்போது இன்னும் மோசம். இதற்கு விதி ஏதாவது உண்டா, இல்லை எல்லாமே மனப்பாடம்தானா?"

டு, ஃபார், அட் மாதிரிச் சொற்களைத்தான் ஆங்கில இலக்கணத்தில் பிரிபொசிஷன் என்கிறோம். மொத்தத்துக்கும் பொருந்துகிற ஒரே விதி கிடையாது. அதற்காக ஐந்நூறு வினைகளின் பட்டியலை உருப்போடவும் வேண்டாம். குன்னூரில் டாக்ஸி ஓட்டுகிறவர்கள், தேயிலைத் தொழிற்சாலை அலுவலகத்தில் கடிதம் எழுதுகிறவர்கள், போட்டித் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகள் என்று பலருக்கும் ஆங்கிலம் சொல்லிக் கொடுத்ததில் நான் பார்த்தது இதுதான்: வீட்டில் தமிழ் பேசினாலும் சரி, படுக மொழி பேசினாலும் சரி, தப்பு திரும்பத் திரும்ப அதே சில இடங்களில்தான் விழுகிறது. அந்த இடங்கள் எவை, அங்கே ஏன் வழுக்குகிறது என்று தெரிந்துவிட்டால் முக்கால்வாசி வேலை முடிந்தது.

நம் தமிழிலும் இதே கதைதான் என்பதை முதலில் கவனியுங்கள். "பஸ்ஸுக்குக் காத்திருக்கிறேன்" என்கிறோம். "பஸ்ஸை எதிர்பார்த்து நிற்கிறேன்" என்றும் சொல்கிறோம். பஸ்ஸும் ஒன்றுதான், நிற்கிற ஆளும் ஒருவர்தான். ஆனால் காத்திருந்தால் கு, எதிர்பார்த்தால் ஐ. எந்த உருபு வரவேண்டும் என்று முடிவு செய்கிற வேலையை வினை எடுத்துக்கொள்கிறது. யாரும் சொல்லித் தராமலே நமக்கு அது வந்துவிட்டதால், அப்படியொரு கட்டுப்பாடு இருப்பதே நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆங்கிலத்திலும் வெயிட் என்ற வினை ஃபார் கேட்கும். எக்ஸ்பெக்ட் என்ற வினை ஒன்றும் கேட்காது. "ஐ ஆம் வெயிட்டிங் ஃபார் தி பஸ்", "ஐ ஆம் எக்ஸ்பெக்டிங் தி பஸ்". ஆகவே வெயிட் என்று தனியாகப் படிக்கவே படிக்காதீர்கள். வெயிட் ஃபார் என்று சேர்த்தே படியுங்கள்.

சிக்கல் எங்கே ஆரம்பிக்கிறது என்றால், நம் தலைக்குள் ஓர் அட்டவணை தானாகவே உட்கார்ந்திருக்கிறது. கு என்றால் டு, இல் என்றால் இன், ஓடு என்றால் வித், மேல் என்றால் ஆன், பற்றி என்றால் அபவுட், ஐ என்றால் ஒன்றும் வேண்டாம். இது அடிக்கடி சரியாகவும் வந்துவிடுகிறது, அதுதான் ஆபத்து. "ஊட்டிக்குப் போகிறேன்" என்பதற்கு "ஐ ஆம் கோயிங் டு ஊட்டி" என்றால் பிசகே இல்லை. அந்த தைரியத்தில் "பாட்டைக் கேட்கிறேன்" என்பதற்கு "ஐ ஆம் லிசனிங் தி சாங்" என்கிறோம். லிசன் டு வேண்டும். "அந்த மலையைப் பாருங்கள்" என்பதற்கு "லுக் தட் ஹில்" என்கிறோம். லுக் அட் வேண்டும். "எல்லாம் மழையைப் பொறுத்தது" என்பதற்கு "இட் டிபெண்ட்ஸ் தி ரெய்ன்" என்கிறோம். டிபெண்ட்ஸ் ஆன் வேண்டும். மூன்று தமிழ் வாக்கியத்திலும் ஐ. ஆங்கிலத்தில் மூன்றுக்கும் மூன்று வேறு சொல். அட்டவணை இங்கே கைவிட்டுவிடுகிறது.

இதற்கு நேரெதிர்த் தப்பு ஒன்று இருக்கிறது: எதுவுமே போடக் கூடாத இடத்தில் போடுவது. என்னைக் கேட்டால் நம் ஊர் ஆங்கிலத்தின் பெரிய வியாதி இதுதான். ஒரு மெயிலை எடுத்துக்கொள்வோம். "வி டிஸ்கஸ்ட் அபவுட் யுவர் புக்கிங். வி ரிக்வெஸ்ட் ஃபார் அன் அட்வான்ஸ். ப்ளீஸ் ரீச் டு கோத்தகிரி பிஃபோர் சிக்ஸ். ஃபார் எனி ஹெல்ப், கான்டாக்ட் டு அவர் மேனேஜர்." நாலு வாக்கியம், ஒவ்வொன்றிலும் வேண்டாத சொல் ஒன்று. டிஸ்கஸுக்குப் பின் வந்த அபவுட், ரிக்வெஸ்டுக்குப் பின் வந்த ஃபார், ரீச்சுக்கும் கான்டாக்டுக்கும் பின் வந்த டு, நான்கையும் எடுத்துவிட்டால் மெயில் சுத்தமாகிவிடும். "வி டிஸ்கஸ்ட் யுவர் புக்கிங்", "வி ரிக்வெஸ்ட் அன் அட்வான்ஸ்", "ரீச் கோத்தகிரி", "கான்டாக்ட் அவர் மேனேஜர்". இந்த வரிசையில் இன்னும் சில உண்டு: என்டர் இன்டூ, ஆர்டர் ஃபார், எம்ஃபசைஸ் ஆன், ஸ்ட்ரெஸ் ஆன், ரிசெம்பிள் டு, மேரி வித், அப்ரோச் டு. எல்லாவற்றிலும் இரண்டாவது சொல் தண்டம்.

"பற்றி விவாதித்தோம்" என்று தமிழில் நினைப்பதால் அபவுட் வருகிறது என்று எல்லா வகுப்பிலும் சொல்வார்கள். அது உண்மைதான், ஆனால் பாதி உண்மை. "அவளைக் கல்யாணம் பண்ணிக்கொண்டான்" என்று தமிழில் ஐ போட்டுத்தானே சொல்கிறோம்? அப்படியிருந்தும் ஆங்கிலத்தில் "ஹி மேரிட் வித் ஹெர்" என்று எங்கிருந்தோ ஒரு வித் வந்து ஒட்டிக்கொள்கிறது. தமிழ் மட்டும் காரணமாக இருந்தால் இது நடக்கக் கூடாது.

இன்னொரு காரணம் ஆங்கிலத்துக்குள்ளேயே இருக்கிறது. இந்த வினைகள் பலவற்றுக்கும் கூடவே ஒரு பெயர்ச்சொல் உண்டு. அந்தப் பெயர்ச்சொல்லுக்குப் பிரிபொசிஷன் வேண்டும், வினைக்கு வேண்டாம். "எ டிஸ்கஷன் அபவுட் தி ரேட்" சரி, "டிஸ்கஸ் தி ரேட்" சரி. "எ ரிக்வெஸ்ட் ஃபார் ஹாட் வாட்டர்" சரி, "ரிக்வெஸ்ட் ஹாட் வாட்டர்" சரி. "அன் ஆர்டர் ஃபார் டூ டீஸ்", ஆனால் "ஆர்டர் டூ டீஸ்". "எம்ஃபசிஸ் ஆன் சேஃப்டி", ஆனால் "எம்ஃபசைஸ் சேஃப்டி". "எ விசிட் டு தி பொட்டானிக்கல் கார்டன்", ஆனால் "விசிட் தி பொட்டானிக்கல் கார்டன்". "தி ஆன்சர் டு தி கொஸ்டின்", ஆனால் "ஆன்சர் தி கொஸ்டின்". கேட்டுக் கேட்டுப் பழகிய பெயர்ச்சொல் ஜோடியை வினைக்கும் மாட்டிவிடுகிறோம். தமிழில் நாம் அப்படிக் குழப்பிக்கொள்வதில்லை பாருங்கள். அண்ணனை நம்புகிறோம், அண்ணன்மேல் நம்பிக்கை வைக்கிறோம். யாரும் "அண்ணன்மேல் நம்புகிறேன்" என்று சொல்ல மாட்டோம்.

இதில் ரிக்வெஸ்ட், ஆர்டர், ஆன்சர், விசிட், கான்டாக்ட் எல்லாம் பெயராகவும் வரும், வினையாகவும் வரும், உருவம் ஒன்றே. அங்கேதான் கண் ஏமாறும். சொல்லுக்கு முன்னால் எ, அன், தி, யுவர், அவர் மாதிரி ஏதாவது நிற்கிறதா என்று பாருங்கள். நின்றால் அது பெயர், பிரிபொசிஷன் பெரும்பாலும் வரும். "யுவர் ரிக்வெஸ்ட் ஃபார் எ ஹீட்டர்." ஆள் நேராக அந்தச் செயலைச் செய்தால் வினை. "யூ ரிக்வெஸ்டட் எ ஹீட்டர்."

கூடவே ஒரு எச்சரிக்கை. மேலே சொன்ன சில வினைகள் வேறு பொருளில் பிரிபொசிஷன் எடுக்கும். அறைக்குள் நுழைந்தால் என்டர் மட்டும்தான், ஒப்பந்தத்தில் நுழைந்தால் என்டர் இன்டூ. கூட்டத்துக்குப் போனால் அட்டெண்ட், விருந்தாளியைக் கவனித்தால் அட்டெண்ட் டு. அப்புறம் கேள் என்ற பொருளில் ரிக்வெஸ்டுக்கு ஒன்றும் வேண்டாம், ஆஸ்குக்கு ஃபார் வேண்டும்: "ஆஸ்க் ஃபார் அன் அட்வான்ஸ்". அதை விட்டால் பொருளே மாறும்.

இந்த மலைக்கே உரிய ஓர் உதாரணம் லீவ். "தே லெஃப்ட் ஊட்டி" என்றால் ஊட்டியை விட்டுக் கிளம்பிவிட்டார்கள். "தே லெஃப்ட் ஃபார் ஊட்டி" என்றால் ஊட்டிக்குக் கிளம்பிவிட்டார்கள். விருந்தாளி எங்கே என்று கேட்கிற டிரைவரிடம் இதை மாற்றிச் சொன்னால் அவர் மேலே ஏற வேண்டியதற்குப் பதில் மேட்டுப்பாளையத்துக்கு இறங்கிக்கொண்டிருப்பார். ஒரு ஃபார்தான், ஆனால் திசையே தலைகீழாகிவிடுகிறது.

வந்து சேர்வதற்கு இரண்டு வினை. ரீச் எதையும் கேட்காது. அரைவ் கேட்கும், ஆனால் டு கேட்காது. ஸ்டேஷன், ஹோட்டல், கேட் மாதிரி ஒரு புள்ளி என்றால் அரைவ் அட். ஊர், நாடு என்றால் அரைவ் இன். "தி ட்ரெய்ன் அரைவ்ஸ் அட் குன்னூர் ஸ்டேஷன்", "வி அரைவ்ட் இன் ஊட்டி". மலை ரயிலைப் பற்றி விருந்தாளிகளுக்குச் சொல்வதிலேயே பாதி பிரிபொசிஷனைப் பழகிவிடலாம். "தி ட்ரெய்ன் ரன்ஸ் ஃப்ரம் மேட்டுப்பாளையம் டு ஊட்டி." "இட் சேஞ்சஸ் ஃப்ரம் ஸ்டீம் டு டீசல் அட் குன்னூர்." "யுனெஸ்கோ ஆடட் இட் டு தி வேர்ல்ட் ஹெரிடேஜ் லிஸ்ட் இன் 2005." 46 கிலோமீட்டர் பாதை, கல்லாறுக்கும் குன்னூருக்கும் நடுவில் பல் வைத்த இரும்புச் சட்டத்தைக் கவ்விக்கொண்டு ஏறுகிறது என்பதையெல்லாம் வெளிநாட்டுக்காரர்கள் ஆர்வமாகக் கேட்பார்கள். அதனால் இந்த வாக்கியங்கள் வீண் போகாது. மாவட்டத்தைச் சொல்லும்போது "நீலகிரிஸ் கன்சிஸ்ட்ஸ் ஆஃப் சிக்ஸ் தாலுக்ஸ்" என்றும் சொல்லலாம், "கம்ப்ரைசஸ் சிக்ஸ் தாலுக்ஸ்" என்றும் சொல்லலாம். "கம்ப்ரைசஸ் ஆஃப்" என்று தேர்வில் எழுதினால் மார்க் போகும்.

இனி, ஊட்டி சேரிங்கிராஸில் நின்றால் காதில் விழுகிற வாக்கியம்: "சஜஸ்ட் மீ எ குட் ரெஸ்டாரன்ட்." நம் ஆட்களும் "ஐ வில் எக்ஸ்ப்ளெய்ன் யூ தி ரூட்" என்கிறார்கள். கிவ் மீ, ஷோ மீ, சென்ட் மீ, டெல் மீ எல்லாம் சரியாக இருக்கும்போது இது மட்டும் ஏன் தப்பு என்பது நியாயமான கேள்வி. கிவ், ஷோ, சென்ட், டெல், பிரிங் ஆகியவை ஆங்கிலத்தின் பழைய, குட்டையான சொற்கள். இவற்றுக்குப் பின் ஆளை நேராக வைக்கலாம். எக்ஸ்ப்ளெய்ன், சஜஸ்ட், டிஸ்க்ரைப், அனௌன்ஸ், இன்ட்ரொட்யூஸ் போன்றவை லத்தீன், பிரெஞ்சு வழியாகப் பிற்பாடு வந்து சேர்ந்தவை. இவை பொருளைத்தான் பக்கத்தில் சேர்க்கும். ஆள் வரவேண்டுமானால் டு போட்டுக்கொண்டு பின்னால் வரவேண்டும். "எக்ஸ்ப்ளெய்ன் தி ரூட் டு தி கெஸ்ட்." "டிஸ்க்ரைப் தி ரூம் டு தெம்." "சஜஸ்ட் எ குட் ரெஸ்டாரன்ட்" என்று ஆளையே விட்டுவிடுவது இன்னும் நல்லது. ஆஃபர், ப்ராமிஸ் இரண்டும் அதே லத்தீன் வழி வந்தவைதான், ஆனால் கிவ் மாதிரி நடக்கும். "ஆஃபர் தெம் டீ" சரி. காது கொடுத்துக் கேட்டால் வித்தியாசம் பிடிபடும். ஆஃபர், ப்ராமிஸ் இரண்டிலும் அழுத்தம் முதல் அசையில். எக்ஸ்ப்ளெய்ன், சஜஸ்ட், டிஸ்க்ரைப் எல்லாவற்றிலும் இரண்டாவது அசையில். எல்லாச் சொல்லுக்கும் இது பொருந்தாது, ஆனால் தெரியாத சொல் வரும்போது ஊகிக்க உதவும். அதே போல சே, டெல் இரண்டுமே தமிழில் சொல்தான். டெல் மீ உண்டு, சே மீ கிடையாது. சே டு மீ என்றுதான் சொல்லவேண்டும்.

இதுவரை சொன்னவற்றில் வினை ஒரே சொல்லைத்தான் கேட்கும், மாற்றினால் தப்பு. இன்னொரு வகை இருக்கிறது. அங்கே இரண்டு மூன்று பிரிபொசிஷன் வரலாம், ஒவ்வொன்றுக்கும் வேறு பொருள். நீங்கள் விதி கேட்டீர்களே, இங்கேதான் விதி மாதிரி ஒன்று கிடைக்கும். அட் என்பது குறி வைப்பது, டு என்பது போய்ச் சேர்வது. குன்னூர் டால்ஃபின் நோஸ் பக்கம் குரங்குகள் உண்டு. "டோன்ட் த்ரோ ஃபுட் டு தி மங்கீஸ்" என்றால் அவற்றுக்குச் சாப்பாடு போடாதீர்கள். "டோன்ட் த்ரோ ஸ்டோன்ஸ் அட் தி மங்கீஸ்" என்றால் அவற்றின்மேல் கல்லெறியாதீர்கள். முதலாவதில் குரங்கு வாங்கிக்கொள்கிறது, இரண்டாவதில் அடி வாங்குகிறது. "ஹி ஷவுட்டட் டு மீ" என்றால் தூரத்திலிருந்து எனக்குக் கேட்கிற மாதிரி கூப்பிட்டார். "ஹி ஷவுட்டட் அட் மீ" என்றால் என்னைத் திட்டினார். தேயிலைத் தோட்டத்தில் காட்டெருமை "ரேன் அட் அஸ்" என்றால் முட்ட வந்தது என்று அர்த்தம். லாஃப் அட், பாயின்ட் அட், ஸ்டேர் அட், எய்ம் அட் எல்லாம் இதே குடும்பம்தான்.

ஃபார் குடும்பத்தில் ஓர் ஆசை அல்லது தேவை இருக்கும். இன்னும் கையில் கிடைக்காத ஒன்றை நோக்கிப் போகிற வினைகள்: வெயிட் ஃபார், ஆஸ்க் ஃபார், லுக் ஃபார், சர்ச் ஃபார், ஹோப் ஃபார், அப்ளை ஃபார். ஃப்ரம் குடும்பத்தில் ஒரு விலகல் அல்லது தடை: ப்ரிவென்ட், ஸ்டாப், ப்ரொடெக்ட், எஸ்கேப், ரெக்கவர், டிஃபர். "தி மிஸ்ட் ப்ரிவென்ட்டட் அஸ் ஃப்ரம் டிரைவிங்." ஆன் குடும்பத்தில் ஒன்றின்மேல் சாய்வது, ஊன்றி நிற்பது: டிபெண்ட், ரிலை, இன்சிஸ்ட், கான்சன்ட்ரேட், ஃபோகஸ். இந்த மூன்று குடும்பமும் நம்பகமானவை. ஆஃப், வித் இரண்டுக்கும் இப்படி ஒரு பொருள் சொல்ல முயன்றால் கயிறு திரிக்கிற வேலையாகிவிடும். ஆக்யூஸ் ஆஃப், ஆனால் சார்ஜ் வித், ஆனால் ப்ளேம் ஃபார். மூன்றும் குற்றம் சாட்டுவதுதான். இவற்றை அப்படியே வாங்கிப் போட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

ஆனால் ஆஃப், வித், ஃப்ரம் மூன்றையும் புரிந்துகொள்ள ஒரு வழி உண்டு. வினைக்குப் பக்கத்தில் யாரை அல்லது எதை உட்கார வைக்கிறோம் என்பதைப் பாருங்கள். குரங்கு ஒரு சுற்றுலாப் பயணியிடமிருந்து சோளத்தைப் பிடுங்கிக்கொண்டு ஓடிவிட்டது. ஸ்டீல் என்ற வினை பொருளைப் பக்கத்தில் வைக்கும்: "தி மங்கி ஸ்டோல் தி கார்ன் ஃப்ரம் தி டூரிஸ்ட்." ராப் என்ற வினை ஆளைப் பக்கத்தில் வைக்கும்: "தி மங்கி ராப்ட் தி டூரிஸ்ட் ஆஃப் தி கார்ன்." நடந்தது ஒன்றேதான். எது முன்னால் வந்ததோ அதை வைத்துப் பிரிபொசிஷன் மாறுகிறது. க்ளியர் என்ற வினை இரண்டு விதமாகவும் வரும். மண்சரிவுக்குப் பிறகு "தே க்ளியர்ட் தி மட் ஃப்ரம் தி ரோடு" என்றும் சொல்லலாம், "தே க்ளியர்ட் தி ரோடு ஆஃப் மட்" என்றும் சொல்லலாம். எடுத்துப் போட்டதை முன்னால் வைத்தால் ஃப்ரம், சுத்தமான இடத்தை முன்னால் வைத்தால் ஆஃப். கொடுக்கிற வினைகளிலும் இதே ஆட்டம்தான். சிறு விவசாயிகள் தொழிற்சாலைக்குப் பச்சை இலை கொடுக்கிறார்கள். "தே சப்ளை லீஃப் டு தி ஃபேக்டரி" அல்லது "தே சப்ளை தி ஃபேக்டரி வித் லீஃப்". நீங்கள் விருந்தாளிக்குக் கம்பளி கொடுத்தால் "வி ப்ரொவைட் பிளாங்கெட்ஸ் டு கெஸ்ட்ஸ்" அல்லது "வி ப்ரொவைட் கெஸ்ட்ஸ் வித் பிளாங்கெட்ஸ்". "ப்ரொவைட் கெஸ்ட்ஸ் பிளாங்கெட்ஸ்" என்று வித் இல்லாமல் அமெரிக்கர்கள் சிலர் சொல்வதுண்டு. நீங்கள் போட்டே எழுதுங்கள்.

சில வினைகள் ஒரே வாக்கியத்தில் இரண்டு பிரிபொசிஷன் கேட்கும், ஒன்று ஆளுக்கு, இன்னொன்று விஷயத்துக்கு. வரவேற்பில் இருப்பவருக்கு இவை தினசரி வேலை. கம்ப்ளெய்ன் டு தி மேனேஜர் அபவுட் தி கீசர். அப்பாலஜைஸ் டு தி கெஸ்ட் ஃபார் தி டிலே. அப்ளை டு தி கலெக்டர் ஃபார் பெர்மிஷன். ஆள் என்றால் டு என்பது மூன்றுக்கும் பொது. 2024 மே 7 முதல் உயர் நீதிமன்ற உத்தரவுப்படி ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வந்ததே, அப்போதிருந்து நீலகிரியில் அதிகம் புழங்குகிற வாக்கியம் "யூ மஸ்ட் அப்ளை ஃபார் அன் இ-பாஸ்" என்பதாகத்தான் இருக்கும். அதை "அப்ளை தி இ-பாஸ்" என்று பலர் சொல்கிறார்கள். அப்ளைக்குப் பின் நேராக ஒரு பொருள் வந்தால் பூசு, தடவு என்று ஆகிவிடும். நீலகிரித் தைலம் விற்கிறவர் "அப்ளை தி ஆயில் டு யுவர் செஸ்ட்" என்று சொல்வது ரொம்பச் சரி. இ-பாஸை யாரும் நெஞ்சில் தடவிக்கொள்ளப் போவதில்லை.

அக்ரீ மூன்று விதம்: ஆளோடு ஒத்துப்போனால் அக்ரீ வித், ஒரு யோசனைக்குச் சம்மதித்தால் அக்ரீ டு, இருவரும் பேசி ஒரு வாடகைக்கு வந்தால் அக்ரீ ஆன். லுக் அட் பார்ப்பது, லுக் ஃபார் தேடுவது, லுக் ஆஃப்டர் கவனித்துக்கொள்வது, லுக் இன்டூ விசாரிப்பது. "ஐ வில் லுக் இன்டூ இட்" என்ற ஒரே வரியில் பாதிப் புகார்களைச் சமாளித்துவிடலாம், சமாளித்தபின் நிஜமாகவே போய்ப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

டு பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதற்கு இரண்டு வேடம். "ஐ வான்ட் டு ஸீ" என்பதில் வருகிற டு வேறு, "லுக்கிங் ஃபார்வர்ட் டு" என்பதில் வருகிற டு வேறு. இரண்டாவது பிரிபொசிஷன். பிரிபொசிஷனுக்குப் பின் வினை வந்தால் அது இங் விகுதியோடுதான் வரும். ஆகவே மெயிலின் கடைசி வரி "லுக்கிங் ஃபார்வர்ட் டு ஹியரிங் ஃப்ரம் யூ". "டு ஹியர் ஃப்ரம் யூ" என்று முடிகிற மெயில்கள் எல்லா அலுவலகத்திலிருந்தும் போய்க்கொண்டிருக்கின்றன. சந்தேகம் வந்தால் அந்த இடத்தில் ஒரு பெயர்ச்சொல்லை வைத்துப் பாருங்கள். "லுக்கிங் ஃபார்வர்ட் டு யுவர் விசிட்" நிற்கிறது, அப்படியானால் அது பிரிபொசிஷன். "வான்ட் டு யுவர் விசிட்" நிற்காது. "கெட் யூஸ்ட் டு தி கோல்ட்" நிற்கும், ஆகவே "கெட் யூஸ்ட் டு வேக்கிங் அப் ஏர்லி". அதே குளிரைச் சமாளிப்பது கோப் வித். நடுவில் அப் கிடையாது, நம் நாட்டில் எப்படியோ புகுந்துவிட்டது.

ப்ரிஃபரும் டு தான் கேட்கும். "கெஸ்ட்ஸ் ப்ரிஃபர் டீ டு காபி." "விட" என்று தமிழில் நினைப்பதால் தேன் (than) என்ற ஆங்கிலச் சொல்லைப் போடத் தோன்றும், போடாதீர்கள். சீனியர், ஜூனியர், சுப்பீரியர், இன்ஃபீரியர் எல்லாம் வினை அல்ல என்றாலும் இதே லத்தீன் கூட்டம், இவற்றுக்கும் டு தான்.

இன்னொரு இடம் கேள்வி வாக்கியம். தமிழில் "எந்த ஹோட்டலில் தங்கியிருக்கிறீர்கள்?" என்று கேட்கும்போது இல் கேள்விச் சொல்லோடு முன்னாலேயே வந்துவிடுகிறது. ஆங்கிலத்தில் கேள்விச் சொல் முன்னால் ஓடிவிடும், பிரிபொசிஷன் கடைசியில் தனியாக நிற்கும். அதை மறந்துவிடுகிறோம். "விச் ஹோட்டல் ஆர் யூ ஸ்டேயிங் அட்?" "வாட் ஆர் யூ லுக்கிங் ஃபார்?" "ஹூ டிட் யூ ஸ்பீக் டு?" வாக்கியத்தைப் பிரிபொசிஷனில் முடிக்கக் கூடாது என்று பழைய ஆசிரியர்கள் சிலர் சொல்லியிருப்பார்கள். 1672இல் ஜான் டிரைடன் என்ற கவிஞர் தனக்கு முந்தைய தலைமுறை எழுத்தாளர் ஒருவரின் எழுத்தில் இதைக் குறையாகச் சொன்னதிலிருந்து இழுத்துக்கொண்டு வருகிற வழக்கு அது. இங்கிலாந்தில் இன்று பேசுகிறவர்கள் அதைப் பொருட்படுத்துவதில்லை, நீங்களும் வேண்டாம். முடிவில் போடுவது தப்பில்லை. போடாமல் விடுவதுதான் தப்பு.

பிரிபொசிஷன் மாதிரியே தெரிந்து வேறாக நடப்பவையும் உண்டு: ஸ்விட்ச் ஆன், ஃபில் இன், பிக் அப். இவற்றில் இட், தெம் மாதிரிச் சொல் நடுவில் போகும். "ஸ்விட்ச் இட் ஆன்", "ஃபில் இட் இன்", "ஐ வில் பிக் யூ அப்". ஆனால் லுக் ஆஃப்டர் மாதிரி உண்மையான பிரிபொசிஷன் பிரியாது. "லுக் ஆஃப்டர் இட்"தான், "லுக் இட் ஆஃப்டர்" இல்லை. இது தனிப் பாடம், இப்போதைக்கு இவ்வளவு போதும்.

எப்படிப் பழகுவது? பட்டியல் போட்டுப் படிப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. பட்டியலில் வரிசையாகப் படித்தது வரிசையாகத்தான் நினைவுக்கு வரும், விருந்தாளி எதிரில் நிற்கும்போது வராது. உங்கள் வேலைக்கு வருகிற வினைகளை மட்டும் எடுத்து, ஒவ்வொன்றுக்கும் உங்கள் ஹோம்ஸ்டேயில் நிஜமாகவே சொல்லக்கூடிய ஒரு முழு வாக்கியம் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். "பே தி டிரைவர்", "பே ஃபார் தி டிக்கெட்ஸ்" என்று எழுதிப் பார்த்தால் ஆளுக்கு ஒன்றும் இல்லை, வாங்கின பொருளுக்கு ஃபார் என்பது தானே விளங்கும்.

அகராதி பார்க்கும்போது ஆங்கிலம்-தமிழ் அகராதி இந்த வேலைக்கு உதவாது, பொருளை மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்துவிடும். ஆங்கிலத்தை வெளியிலிருந்து கற்பவர்களுக்கென்றே எழுதிய லேர்னர்ஸ் அகராதி வேண்டும். ஜப்பானில் ஆங்கில ஆசிரியராக இருந்த ஏ.எஸ். ஹார்ன்பியும் அவருடைய சகாக்களும் மாணவர்கள் எங்கே தடுமாறுகிறார்கள் என்று பார்த்துத் தொகுத்த அகராதி 1942இல் அங்கே வெளிவந்தது. அதையே பிறகு 1948இல் ஆக்ஸ்ஃபோர்டு வெளியிட்டது. இன்றைய ஆக்ஸ்ஃபோர்டு அட்வான்ஸ்ட் லேர்னர்ஸ் அகராதியின் ஆரம்பம் அதுதான். ஒரு சொல்லுக்கு என்ன அர்த்தம் என்பதோடு, அதற்குப் பின் என்ன வரும் என்பதையும் காட்டுவது அதன் நோக்கம். இணையத்தில் இலவசமாகவே பார்க்கலாம். வினையைத் தேடினால் கூட வரும் பிரிபொசிஷன் தடித்த எழுத்தில் இருக்கும், கீழே வாக்கியங்கள் இருக்கும். அர்த்தத்தை விட்டுவிட்டு வாக்கியங்களை மட்டும் படித்தாலே போதும்.

எல்லாத் தப்பும் ஒரே எடை கிடையாது என்பதையும் மனதில் வையுங்கள். டிஸ்கஸ் அபவுட் என்று சொன்னால் எந்த விருந்தாளியும் புரியாமல் விழிக்க மாட்டார். தேர்விலும் கடிதத்திலும்தான் அது உறுத்தும். லெஃப்ட், லெஃப்ட் ஃபார் மாறினால் ஆளே மாறிப் போய்விடுவார். ஷவுட்டட் டு, ஷவுட்டட் அட் மாறினால் சண்டை வரும். பொருள் மாறுகிறவற்றை முதலில் சரி செய்யுங்கள். மற்றவை மெதுவாக வரட்டும். ஆங்கிலேயர்களும் அமெரிக்கர்களுமே சிலவற்றில் ஒத்துப்போவதில்லை. "ரைட் டு மீ" என்று லண்டன்காரர் எழுதுவார், "ரைட் மீ" என்று நியூயார்க்காரர் எழுதுவார். படிவத்தை ஒருவர் ஃபில் இன் செய்வார், மற்றவர் ஃபில் அவுட் செய்வார்.

பேச்சின் நடுவில் நாக்கு நின்றுவிட்டால் என்ன செய்வது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அதுதான் உங்கள் உண்மையான பிரச்சினை என்று நினைக்கிறேன். பிரிபொசிஷனைத் தேடிக்கொண்டு நிற்காமல் வினையையே மாற்றிவிடுங்கள். அரைவ் அட்டா இன்னா என்று குழப்பமா, ரீச் சொல்லுங்கள். எக்ஸ்ப்ளெய்ன் வரவில்லையா, டெல் சொல்லுங்கள். ப்ரொவைட், சப்ளை இரண்டும் உதைக்கிறதா, கிவ் இருக்கிறது. கன்சிஸ்ட் ஆஃப் மறந்துவிட்டதா, ஹேஸ் போதும்: "நீலகிரிஸ் ஹேஸ் சிக்ஸ் தாலுக்ஸ்." மெயிலில் இப்படித் தப்பிக்கத் தேவையில்லை, அங்கே அகராதியைத் திறக்க நேரம் இருக்கிறது.